கிளமெண்ட் வைத்த இடம்

நாலு குமிழையும் பன்னிரண்டு மணிக்குத் திருப்பி முடித்த பிறகுதான் சற்குணத்துக்கு உறைத்தது. ஐயையோ, என்ன காரியம் பண்ணித் தொலைத்தோம் என்று தன் கையையே பார்த்தார். கை பாட்டுக்கு ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மடியிலிருந்த கிட்டாரின் மேல் கிடந்தது. பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் எவன் கையில் ஒரு பெடலை, காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற அந்தக் குமிழ்ப் பெட்டியை, கொடுத்தாலும் முதலில் செய்கிற வேலை இதுதான். கடிகார முள் பன்னிரண்டில் நிற்கிற மாதிரி எல்லாக் குமிழையும் நேராக நிறுத்த வேண்டியது, அங்கிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் சத்தம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டியது. கடையில் செய்வார், முன்பின் தெரியாதவன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து செய்வார், தூக்கத்தில் எழுப்பிக் கொடுத்தாலும் செய்வார். இருபத்துநாலு வருஷப் பழக்கம் சார், சும்மா போகுமா? ஆனால் இது கிளமெண்டின் பெடல். கிளமெண்ட் செத்து எட்டு மாசம் ஆகிறது. கடைசிக் கச்சேரியில் குனிந்து தன் விரலால் எங்கே திருப்பி வைத்தானோ அங்கேயே எட்டு மாசமாக நின்றிருந்த குமிழ்கள். அவனுடைய சட்டை இன்னும் அந்தக் கதவுக்குப் பின்னால் ஹேங்கரில் தொங்குகிறது, அவன் செருப்புகூட வாசலில் அப்படியே கிடக்கிறது, அயனாவரத்தில் மூணாவது மாடியிலிருக்கும் இந்த வீட்டில் ஒரு சாமானையும் அவன் மனைவி ரெஜினா இடம் மாற்றவில்லை, வந்தவுடனே அதைத்தான் கவனித்தார். கவனித்துவிட்டு என்ன பிரயோஜனம்? உட்கார்ந்தார், வயரைச் செருகினார், திருப்பினார். திருப்பும்போது எது எங்கே இருந்தது என்று பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் சத்தம் போடாமல் திரும்ப வைத்துவிடலாம்.

சமையலறையில் ரெஜினா பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. “சர்க்கரை போடலாமாண்ணே?” என்று அங்கிருந்தே கேட்டாள். “போடும்மா, அரை ஸ்பூன்” என்று குரல் கொடுத்தார். குரல் இயல்பாகத்தான் இருந்தது, திருட்டு முழி முழிக்கிறவனுக்கு வரவேண்டிய குரலே இல்லை. அவளைப் பத்து வருஷமாகத் தெரியும், ஆனால் தெரியும் என்று சொல்ல முடியாத அளவுக்குத்தான் தெரியும். கச்சேரிகளில் கடைசி வரிசை நாற்காலியில் கிளமெண்டின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன வாரம் பழைய கருவி வாங்கி விற்கிற வாட்ஸப் குழுவில் அவள் தம்பி ஜோயல் இந்தப் பெடலைப் போட்டான். போட்ட பத்தாவது நிமிஷம் இவர் போன் செய்தார், போனை ரெஜினாவே எடுத்தாள். “நிறையப் பேர் கேக்கறாங்கண்ணே, நாந்தான் யாருக்கும் சரின்னு சொல்லல. அவர் சத்தம் தெரிஞ்ச ஆளு வந்து பாத்தாத் தேவலைன்னு இருந்தேன். நீங்க வாங்க” என்றாள். அவர் சத்தம் தெரிஞ்ச ஆளு. அந்த வார்த்தையை மூன்று நாளாக வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார் சற்குணம். தெரியாமல் என்ன? பன்னிரண்டு வருஷமாக அந்தச் சத்தத்தை நினைத்து வயிறெரிந்த ஆள் ஊரில் இவர் ஒருத்தர்தான். ஸ்வரமாலை இன்னிசைக் குழுவில் ஏழு வருஷம் வாசித்தவரை ஒரு நாள் குழுவை நடத்துகிற தணிகாசலம் டீக்கடைக்குக் கூட்டிப்போய், தோளில் கைபோட்டு, “உன் சத்தம் இருக்குய்யா சற்குணம், ஆனா இல்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே கிளமெண்டைச் சேர்த்துக்கொண்டார். இருக்கு ஆனா இல்லையாம். அது என்ன பேச்சு? திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டிவிட்டு மறந்திருக்கலாம். அதற்கு அப்புறம்தான் இந்தப் பெடல் வாங்குகிற நோய் பிடித்தது. வாங்குவார், ஒரு மாசம் வாசிப்பார், இதில் இல்லை என்று தெரியும், விற்பார், அடுத்தது வாங்குவார். ஒவ்வொரு தடவையும் மனைவி மரகதம் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்து, “இன்னொரு சோப்பு டப்பாவா?” என்பாள். விற்கும்போது எல்லோரும் எழுதுகிற மாதிரி இவரும் எழுதுவார்: ஒரே கை, வீட்டில் மட்டும் வாசித்தது, கீறல் இல்லை. ஒரே கையாவது ஒன்றாவது. சில பெடல்கள் ஊரெல்லாம் சுற்றி இவரிடமே திரும்பி வந்திருக்கின்றன, ஒரே கை என்றே எழுதிக்கொண்டு.

சரி, யோசி என்று தனக்கே சொல்லிக்கொண்டார். குமிழ் எங்கே இருந்தது? கண் பார்க்காவிட்டால் என்ன, விரலுக்கு நினைவிருக்கும். கண்ணை மூடிக்கொண்டார். முதல் குமிழ், சத்தத்தின் அளவு, அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது, பத்து மணி இருக்கும். இரண்டாவது கரகரப்பு. அதைக் கொஞ்சம்தான் திருப்பினார், பதினொன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது அடித்தொனி, அது நிச்சயமாக ரெண்டு மணியில் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை, இடப்பக்கமாக இழுத்தபோது கட்டைவிரலில் ஒரு இறுக்கம் தெரிந்ததே. நாலாவது? நாலாவது எது என்றே அவருக்குத் தெளிவில்லை. கடைச்சரக்கு கிடையாது இது, ரிச்சி தெருவில் யாரோ ஒரு மெக்கானிக் கிளமெண்டுக்கென்று கையால் செய்து கொடுத்தது, தகரப் பெட்டிக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து, ஒரு எழுத்துகூட இல்லாமல். நாலாவது, கிட்டாரின் சொந்தச் சத்தத்தையும் பெடலின் சத்தத்தையும் கலக்கிற குமிழாக இருக்கும். அது வலப்பக்கம். இல்லை, இடப்பக்கம். அதற்குள் எண்ணம் எங்கோ போய்விட்டது. கொளத்தூரில் ஒரு ரிசப்ஷன், நாலு வருஷம் முன்னால். அழைப்பு இல்லை, ஒன்றும் இல்லை, வேஷ்டி கட்டிக்கொண்டு போய் ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்றார். ஜெனரேட்டர் அந்த இரைச்சல் இரைகிறது, அதையும் மீறி கிளமெண்டின் பேஸ் தரை வழியாக வந்து உள்ளங்காலில் ஏறியது. பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் தன்னை அறியாமல் தாளத்துக்கு ஊற்றினான். அதைப் பார்த்ததும் சற்குணத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, பொறாமையில்தான், வெட்கமில்லாத பச்சைப் பொறாமை. மரகதத்திடம் பல் டாக்டரைப் பார்க்கப் போனதாகச் சொன்னார். அவள் வாயைத் திற பார்க்கலாம் என்றாள். அந்தப் பெட்டிக்குள்தான் விஷயம் இருக்கிறது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். விரல்லதான் எல்லாம் இருக்கு என்பார்கள் சில பேர், அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. விரலில் இருக்கிறது என்றால் இவர் விரல் என்ன வெண்டைக்காயா? எட்டு மாசம் முன்னால் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்றபோதும், சத்தியமாகச் சொல்கிறேன், மனசின் ஒரு மூலையில் அந்தப் பெட்டி என்ன ஆகும் என்ற கேள்வி இருந்தது. சே, என்ன மனுஷன்யா நான் என்று அப்போதே தோன்றியது, ஆனாலும் கேள்வி போகவில்லை. அடக்கம் முடிகிறவரை அது அங்கேயேதான் நின்றது.

பத்து, பதினொன்றரை, ரெண்டு, நாலாவது ஒரு குத்துமதிப்பில். வைத்துவிட்டுத் தடித்த கம்பியை ஒரு தட்டு தட்டினார். சின்ன ஆம்ப், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது, அதிலிருந்து வந்தது சற்குணத்தின் சத்தம். சந்தேகமில்லாமல் அவருடையதுதான், இருக்கு ஆனா இல்ல. மூன்றாவதை மூன்று மணிக்குக் கொண்டுபோனார். தடித்த சற்குணம். இரண்டாவதை ஏற்றினார். தொண்டை கட்டின சற்குணம். நாலாவதை முழுசாக ஒரு பக்கம் தள்ளினார், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற சற்குணம். என்ன அநியாயம் இது? தெருவில் காய்கறி வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் கத்தரி, முருங்கை என்று பதிவு செய்த குரலைப் போட்டுக்கொண்டு போனான், மதியம் மூன்றரைக்கு எவன் முருங்கை வாங்குகிறான் தெரியவில்லை. சமையலறையில் திடீரென்று சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறாள். பத்து வருஷம் இந்த வீட்டில் கிளமெண்ட் வாசித்ததைக் கேட்டவள், அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இந்நேரம் தெரிந்திருக்கும், அடப்பாவி, அவர் வச்சதைக் கலைச்சுட்டியா என்று கரண்டியோடு வந்து நிற்கப்போகிறாள். வரட்டும். என்ன சொல்வது? தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொல்லலாம். நாலு குமிழிலும் எப்படிப்பா ஒரே நேரத்தில் கை படும்? பழக்கம் என்று சொல்லலாம். அது உண்மை, உண்மைதான் இருப்பதிலேயே கேவலமாக இருக்கிறது. செத்தவன் கடைசியாகத் தொட்ட ஒரு இடம், அதை ஒரு ஆள் வந்து பழக்கதோஷத்தில் துடைத்துவிட்டுப் போனான் என்றால், காலம் பூராவும் அந்த ஆளை அவள் எப்படி நினைப்பாள்? இருதயம் அடித்துக்கொண்டது. அது கம்பியின் அதிர்வோடு சேர்ந்துகொண்டு கிட்டாரின் முதுகில் திரும்ப இடித்தது, எது கிட்டார் எது நெஞ்சு என்று தெரியாமல் கம்பியை உள்ளங்கையால் அமுக்கினார். அப்போதுதான் ஞாபகம் வந்தது, போட்டோ! அட முட்டாள், ஜோயல் குழுவில் போட்ட போட்டோ இருக்கிறதே! பெடலை மேலிருந்து எடுத்த படம், குமிழ் எல்லாம் பளிச்சென்று தெரியும், பார்த்து அப்படியே வைத்துவிட வேண்டியதுதானே. அவசரத்தில் போன் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டது. குழுவில் எவனோ ஆம்ப் விற்கிறான், ஒரே கை, இன்னொருத்தன் காலை வணக்கம் போட்டிருக்கிறான், மேலே, இன்னும் மேலே, இதோ. படத்தைத் தொட்டுப் பெரிசாக்கினார். கறுப்புப் பெட்டி, வெள்ளைத் துண்டின் மேல். நாலு குமிழும் நேராக நின்றன. பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு.

அப்புறம் மெதுவாகப் புரிந்தது. விற்கப்போகிற பெடலைப் படம் எடுக்கும்போது எல்லோரும் செய்கிற வேலை அது, குமிழ் கோணலாக இருந்தால் படம் அழகாக இருக்காது என்று நேராக்கிவிட்டு எடுப்பார்கள். இவரே எத்தனை தடவை செய்திருக்கிறார். ஜோயலுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் குழுவில் நாலு படத்தைப் பார்த்தவன், அதே மாதிரி திருப்பி வைத்து எடுத்திருக்கிறான். அப்படியென்றால் கலைத்தது அவன். போன வாரமே கலைந்துவிட்டது. நான் இல்லை. நான் இல்லை என்று தெரிந்த அந்தக் கணத்தில் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியது, சிரிப்புகூட வந்தது, செத்தவன் வீட்டில் உட்கார்ந்து நான் இல்லைடா சாமி என்று சந்தோஷப்படுகிற பிறவியும் பிறவிதான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஏற்கெனவே பன்னிரண்டில் இருந்ததைப் பன்னிரண்டுக்குத் திருப்பியிருக்கிறார். அதாவது திருப்பவே இல்லை, தொட்டிருக்கிறார், அவ்வளவுதான். அப்படியானால் ரெண்டு மணி? கட்டைவிரலில் தெரிந்த இறுக்கம்? சந்தேகமே இல்லை என்று சொன்னாரே, யாரிடம் சொன்னார், எதை வைத்துச் சொன்னார்? பத்து, பதினொன்றரை என்று கணக்காகச் சொன்னது யார்? இதே மனசுதான் பன்னிரண்டு வருஷமாகக் கிளமெண்டின் சத்தம் எனக்குத் தெரியும், தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் இப்படித்தான் உட்கார்ந்து செய்ததோ என்னவோ. போனைக் கவிழ்த்துக் கட்டிலில் வைத்தார்.

ரெஜினா காபியோடு வந்தாள். தம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பெடலைப் பார்த்தாள், இவர் அலசின அலசலில் நாலு குமிழும் நாலு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

“இப்பதான் பாக்க அவரோடது மாதிரி இருக்கு” என்றாள். “போன வாரம் ஜோயல் போட்டோ எடுக்கறேன்னு எல்லாத்தையும் நேரா நிமித்தி வச்சுட்டாண்ணே. நான் குளிச்சுட்டு வந்து பாக்கறேன், வரிசையா நிக்குது. ஏன்டா தொட்டேன்னு கத்துனேன். அவன் பயந்துட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். மூணு நாள் அவன்கிட்டப் பேசல.”

“ம்” என்றார் சற்குணம்.

“விக்கறது அப்புறம் இருக்கட்டும்ணே. உங்களுக்குத் தெரியுமில்ல, அவர் எங்கெங்க வச்சிருந்தாருன்னு? எத்தன கச்சேரி பக்கத்துல நின்னு கேட்டிருப்பீங்க. அதே மாதிரி வச்சுக் குடுங்க. அதுக்குத்தான் உங்கள வரச்சொன்னேன்.”

தெரியாதும்மா. வாயில் வந்து நின்றது அந்த வார்த்தை. தெரியாது என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டு எழுந்துபோக வேண்டியதுதான், அதுதான் நியாயம். பக்கத்தில் நின்றா கேட்டோம், ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்று கேட்டோம், கேட்டதையும் பொறாமை கேட்டதே தவிர காது கேட்கவில்லை என்று இவளிடம் சொல்ல முடியுமா? அவள் முகத்தைப் பார்த்தார். அழுகிற முகம் இல்லை. ரேஷன் கடையில் தன் முறை வந்துவிட்டது என்று நிமிர்கிற முகம். தெரியாது என்றால் அந்த முகம் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்தார், அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது. அவளைப் பார்த்துப் பயமா, தன்னையே பார்த்தா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாருக்குமே தெரியாது இப்போது, ஜோயலுக்குத் தெரியாது, செய்து கொடுத்த மெக்கானிக்குக்குத் தெரியாது, தெரிந்தவன் இல்லை. தெரியாத ஒன்றைத் தப்பு என்று எவன் சொல்வான்? இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை பெடலுக்குப் போய்விட்டது. ஒன்பதரை. ஒன்று. பன்னிரண்டேகால். மூன்று. தயங்காமல், ஒவ்வொன்றாக, தினமும் செய்கிற வேலை மாதிரி. தினமும் செய்கிற வேலைதான். எந்தப் பெடலை வாங்கினாலும், எல்லாவற்றையும் அலசி முடித்துவிட்டு, கடைசியில் கை வந்து நிற்கிற இடம் கிட்டத்தட்ட இதுதான். சற்குணத்தின் இடம் அது.

“இதாண்ணே?”

“இதான்” என்றார்.

அவள் எழுந்து பீரோவைத் திறந்து ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்துவந்தாள். கருஞ்சிவப்பு, மூடி இறுகிப்போயிருந்தது, முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகித் திறந்தாள். கச்சேரிக்காரர்கள் இடம் மறக்காமலிருக்கக் குமிழில் பொட்டு வைப்பது வழக்கம்தான், கிளமெண்ட் சொல்லிக் கேட்டிருப்பாள். குமிழில் ஒரு பொட்டு, அதற்கு நேரே பெட்டியில் ஒரு பொட்டு. எட்டுப் பொட்டு. வைத்துவிட்டு வாயால் ஊதினாள். ஊதிக்கொண்டே, நிமிராமல், “இதை இனிமே குடுக்கறதா இல்லண்ணே. உங்கள அலைய வச்சுட்டேன், கோச்சுக்காதீங்க” என்றாள்.

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா.” ஒன்றுமில்லைதான். வாங்கவேண்டும் என்ற எண்ணமே எங்கே போனதென்று தெரியவில்லை, பல் பிடுங்கின இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி ஒரு தடவை தேடிப் பார்த்தார், இல்லை.

“காயட்டும். காஞ்சதும் ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க.” எழுந்தவள் கதவருகே நின்றாள். “நான் உள்ள போய்க் கேக்கறேன். அவர் வாசிக்கும்போது நான் என்னைக்கு இங்க உக்காந்து கேட்டேன்? எப்பவும் அடுப்பாண்டதான். செவுத்து வழியா வரும்.”

உள்ளே போனாள். சற்குணம் கம்பிமேல் விரலை வைத்தார். வாசித்தால் தெரிந்துவிடும், வாசிக்காவிட்டால் இப்போதே தெரிந்துவிடும். தணிகாசலம் தெரிந்துகொண்டாரே. பாட்டென்று எதையும் எடுக்கவில்லை, சும்மா ஒரு நடை, கைக்கு வந்தது, இரண்டு கம்பியில் மெதுவாக. அறை சின்னது, ஆம்ப் தரையோடு இருந்தது, சத்தம் சுவரைப் போய்த் தொட்டது. இந்தப் பக்கம் அவருக்கு என்ன கேட்கிறது என்பது அவருக்குத் தெரியும், ஒவ்வொரு ஸ்வரமும் தெரியும், அதில் கிளமெண்ட் ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்தப் பக்கம் என்ன போகிறது என்பதுதான் தெரியவில்லை. எட்டு மாத்திரை, பதினாறு. அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லை. போச்சு என்று நினைத்தார். நிறுத்திவிடலாம், நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், பொட்டைக்கூட ரிமூவர் போட்டு அழித்துவிடலாம். விரல் நிற்கவில்லை.

“ஆங்” என்றாள் ரெஜினா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. குரல் உடைந்திருந்தது. “இதாண்ணே. இதேதான்.”

இருபத்துநாலு வருஷத்தில் சற்குணத்தின் சத்தத்தை மட்டும் கேட்கவென்று ஒரு ஆள் உட்கார்ந்து கேட்பது இதுதான் முதல் தடவை. சொல்லவா முடியும்? அடுத்த நடைக்கு மாறினார்.

“நிறுத்தாதீங்கண்ணே” என்றாள். நிறுத்தவில்லை.